கட்டிலுக்கு அடியில் ரெயில்வே ஸ்டேஷன்!
உயிரைப் பணயம் வைக்காமல் ரெயில் பார்க்க வழி இருக்குது

சென்னை,

"கூ..." என்று சத்தம் கேட்டால் போதும். எச்சில் கையோடு மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஊருக்குப் போகிறவர்கள் அல்ல. யாரையும் வழியனுப்ப வந்தவர்களும் அல்ல. ரெயிலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எந்த என்ஜின், எத்தனை பெட்டி, எவ்வளவு லேட் என்பதெல்லாம் மனப்பாடம். வீட்டில் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் "ரெயில் பைத்தியம்".

பைத்தியம் முற்றினால்தான் ஆபத்து. பிளாட்பாரம் டிக்கெட் 2 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதற்கு மேல் ஆசைப்பட்டு லைன் ஓரமாகப் போய் நிற்கிறார்கள். கையில் செல்போன் வேறு! மணிக்கு 110 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் ஒரே விநாடியில் 30 மீட்டர் பாய்ந்து விடும். பழைய பெட்டி ஒன்றின் நீளமே 21 மீட்டர்தான். "வருது" என்று வாயைத் திறப்பதற்குள் வந்தே விடும். ஒரு வண்டியைப் படம் பிடிக்கும் மும்முரத்தில், பக்கத்து லைனில் வரும் வண்டியின் சத்தம் காதில் விழுவதில்லை.

உயிர் தப்பினாலும் கேஸ் தப்பாது. அத்துமீறி தண்டவாளத்தில் நுழைவது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம்.

படுத்தபடியே பனிமலை

இந்த வம்பே வேண்டாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்து ரெயில் பார்க்கிறது ஒரு கூட்டம். செல்போனில், டி.வி.யில், என்ஜின் டிரைவர் கண்ணில் படும் காட்சி அப்படியே ஓடுகிறது.

நார்வே நாட்டு டெலிவிஷன்காரர்கள் 2009-ல் ஒரு வேலை செய்தார்கள். பெர்கன் நகரில் இருந்து தலைநகர் ஆஸ்லோவுக்குப் போகும் ரெயிலில் கேமராவைக் கட்டி, 7 மணி நேரத்துக்கு மேல் முழுப் பயணத்தையும் அப்படியே ஒளிபரப்பினார்கள். கதை இல்லை, சண்டை இல்லை. வழியில் 182 குகைகள். குகைக்குள் வண்டி நுழைந்ததும் இருட்டுக்குப் பதில் பழைய படங்களைப் போட்டார்கள். யார் பார்ப்பார்கள் என்கிறீர்களா? அப்போது 50 லட்சம் பேர்கூட இல்லாதிருந்த அந்த நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் எட்டிப் பார்த்தார்கள்!

பிளைவுட் மேல் ஊர்

பார்த்தால் மட்டும் போதாது, ஓட்டியும் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு மாடல் ரெயில். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்று இருந்தால் ஒரு ஊரே அதில் அடங்கி விடும். ஓடாத நேரத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளி விடலாம்.

உலகம் பூராவும் அதிகமாக ஓடுவது நிஜ ரெயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு மாடல். 21 மீட்டர் பெட்டி இதில் ஒரு சாண் நீளத்துக்கு சற்று அதிகமாக வரும். 24 பெட்டி கோத்தால் 19 அடி! எந்த வீட்டு ஹாலில் இடம் இருக்கிறது? நாலு பெட்டியோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம்ம ஊர் அகலப் பாதையைச் சுருக்கினால் 19 மில்லி மீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ வெளிநாட்டு அளவு, 16.5 மில்லி மீட்டர்தான். நம்ம என்ஜினை அதில் ஏற்றினால் தொந்தி பெருத்து கால் சூம்பிய ஆசாமி மாதிரி நிற்கும். மற்றவர்களுக்கு இது தெரியாது. பைத்தியங்களுக்கு மட்டும் உறுத்திக் கொண்டே இருக்கும்.

வெளிநாட்டு செட் விலை குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் என்ஜினை மட்டும் வாங்கி, பெட்டிகளை அட்டையில் வெட்டி ஒட்டிக் கொள்கிறவர்கள் உண்டு. வாங்க முடியாதவர்கள் போய்ப் பார்க்கலாம். புனேயில் 1998-ல் திறந்த ஜோஷி குடும்பத்தாரின் மினி ரெயில் மியூசியம் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-ல் தொடங்கிய கண்காட்சியில் ஆயிரம் ரெயில்களுக்கு மேல். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அங்கே பொழுது சாய்ந்து விளக்கு எரியும்.

பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ்

வீட்டு ரெயிலில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரெயில் ஞாபகம் இருக்கிறதா? 1931-ல் ஓட ஆரம்பித்து தாத்தா, அப்பா, பிள்ளை என்று எல்லோரையும் ஆபீசுக்குச் சுமந்த வண்டி. 2004-ல் நின்று போனது. இப்போது எந்த ஸ்டேஷனில் காத்திருந்தாலும் அது வராது. அன்றைக்கு யாரோ பிடித்து வைத்த வீடியோவில்தான் வரும். இல்லை என்றால் பிளைவுட் பலகையில், 12 மில்லி மீட்டர் தண்டவாளத்தில், அட்டைப் பெட்டியாக வரும்.

இந்த ரெயிலுக்கு முதல் எதிரி தூசு. என்ஜினுக்கு 12 வோல்ட் கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. சென்னைத் தூசு படிந்தால் நட்ட நடு வழியில் வண்டி நின்று விடும். பழைய பனியன் துணியால் துடைத்து விட்டால் மறுபடி கிளம்பும். நிஜ ரெயில்வேயில் இதற்கெல்லாம் கேங்மேன் உண்டு. வீட்டில் அப்பாதான் குனிய வேண்டும்.