பணத்தால் வாங்க முடியாத பத்து நானோ விநாடி

பட்ஜெட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்ற நிலையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டருக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், முதல் அரை மணி நேரம் ஜாலியாகப் போகும். ஒவ்வொரு பாகத்திலும் விலை கூடியது எதுவோ அதை டிக் அடித்துக்கொண்டே போகலாம். சிக்கல் பிறகுதான் ஆரம்பிக்கும். இரண்டுக்குப் பதில் நான்கு ரேம் போட்டால் வேகம் குறைகிறது. எட்டு கோர் பிராசஸர், அதைவிட விலை கூடிய பதினாறு கோர் பிராசஸருக்கு கேமில் சளைக்காமல் ஈடுகொடுக்கிறது. இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால் ஒன்று சும்மா கிடக்கிறது. காசை அள்ளிக் கொட்டியும் ஏன் இந்த நிலை?

கம்ப்யூட்டரின் வேகத்தில் இரண்டு வகை உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை வேலை நடக்கிறது என்பது ஒன்று. ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது மற்றொன்று. முன்னதை அகலம் என்றும் பின்னதைக் காத்திருப்பு என்றும் வைத்துக்கொள்வோம். கல்யாணப் பந்தியில் ஐந்நூறு இலைக்கு ஐம்பது பேரை இறக்கினால் பரிமாறும் வேலை மளமளவென்று முடியும். ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உள்ளே அடுப்பில் பருப்பு வேகவில்லை என்றால், ஐம்பது சமையல்காரர்கள் சுற்றி நின்றாலும் சாம்பார் சீக்கிரம் வராது. திரையில் தெரியும் பிக்சல்கள் இலைகள் மாதிரி. விளையாட்டின் போக்கைக் கணக்கிடுவது சாம்பார் மாதிரி.

முதலில் இலைகளின் கணக்கு. 4கே மானிட்டரில் 3,840க்கு 2,160 என்ற வரிசையில் 82,94,400 பிக்சல்கள் இருக்கின்றன. விநாடிக்கு 240 ஃப்ரேம் காட்டும் மானிட்டர் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 4.17 மில்லி விநாடி. அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 199 கோடி பிக்சல்களுக்கு நிறம் முடிவு செய்ய வேண்டும். 2025 ஜனவரியில் 1,999 டாலர் விலையில் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டில் இந்த வேலைக்கென்றே 21,760 சிறு கோர்கள் இருக்கின்றன. எல்லாம் ஒருசேர ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ நூறு லட்சம் கோடி கணக்குகள். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 50,000 கணக்குகள் போட அதற்கு நேரம் இருக்கிறது.

இந்த அகலம் வளர்ந்த விதம் மலைக்க வைக்கும். 2004இல் இதே நிறுவனத்தின் உச்ச கார்டு ஜிஃபோர்ஸ் 6800 அல்ட்ரா. அதன் சிப்பில் 22.2 கோடி டிரான்சிஸ்டர்கள். 5090இல் 9,220 கோடி. இருபது ஆண்டில் நானூறு மடங்குக்கும் மேல்.

அதே 2004இல் இன்டெலின் பென்டியம் 4 பிராசஸர் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இன்று கேமர்கள் தேடி வாங்கும் ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் வந்தது. அதன் உச்சம் 5.2 கிகாஹெர்ட்ஸ். ஒன்றரை மடங்குகூட இல்லை. பிராசஸர் கடிகாரத்தின் ஒரு துடிப்பில் முடியும் வேலை நிறையக் கூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் துடிப்பின் வேகம் ஏறக்குறைய நின்றுவிட்டது. 1974இல் ராபர்ட் டெனார்ட் என்ற ஐபிஎம் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு விதியைச் சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது வோல்டேஜையும் அதே அளவு குறைத்தால், எத்தனை டிரான்சிஸ்டர்களை நெருக்கி வைத்தாலும் சிப்பின் சூடு கூடாது என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் தொழில்துறை அந்த விதியை நம்பியே ஓடியது. 2005 வாக்கில், அணைத்து வைத்த டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசிய ஆரம்பித்ததால், வோல்டேஜை அதற்குமேல் குறைக்க முடியாமல் போயிற்று. வேகத்தைக் கூட்டினால் சிப் கொதிக்கும். ஆகவே நிறுவனங்கள் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டின. அகலம்தான் மறுபடியும் கைகொடுத்தது.

ரேம் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதே கதை இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ‘டிடிஆர்5-6000, சிஎல்30’ என்று போட்டிருக்கும். அந்த ரேமின் கடிகாரம் விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. தகவலைக் கேட்டபின் 30 துடிப்பு பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான் சிஎல்30க்குப் பொருள். நேரமாக மாற்றினால் 10 நானோ விநாடி. இதற்கு முந்தைய தலைமுறையின் டிடிஆர்4-3200, சிஎல்16 ரேமுக்குக் கணக்குப் போட்டாலும் 10 நானோ விநாடிதான். இருபது ஆண்டுக்கு முன் நல்ல ரேம் என்று விற்ற டிடிஆர்-400, சிஎல்2க்கும் அதே 10. இடைப்பட்ட காலத்தில் ரேம் அள்ளித்தரும் தகவலின் அளவு பதினைந்து மடங்கு ஏறியிருக்கிறது. கேட்டதும் முதல் துளி வந்து சேரும் நேரம் மட்டும் அசையவில்லை. ரேமில் ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் இருக்கும் சொட்டு மின்னூட்டம். அதைக் கம்பியில் இறக்கி, பெருக்கி, பூஜ்யமா ஒன்றா என்று உறுதி செய்வதற்குப் பிடிக்கும் நேரத்தைச் சுருக்குவது எளிதல்ல.

பிராசஸரிலிருந்து கிளம்பிய கேள்வி ரேமுக்குப் போய்ப் பதிலோடு திரும்ப மொத்தம் 70, 80 நானோ விநாடி ஆகலாம். 5.2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது ஏறத்தாழ 400 துடிப்பு. அவ்வளவு நேரமும் அந்த வேலை அப்படியே நிற்கும். கேமில் இது பெரிய தலைவலி. துப்பாக்கி சுட்டதா, குண்டு யார்மேல் பட்டது, அவன் சாய்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஒன்றன் பதில் தெரிந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும்.

ஏஎம்டி கண்டுபிடித்த வழி, காத்திருப்பைச் சுற்றிக்கொண்டு போவது. அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கோர்களுக்குப் பக்கத்திலேயே வைக்கும் கேஷ் நினைவகம் பதில் சொல்ல சுமார் 10 நானோ விநாடி போதும். அதைப் பெரிதாக்கச் சிப்பில் இடமில்லை. எனவே 2022இல் 5800எக்ஸ்3டி பிராசஸரில், 64 எம்பி கேஷை மெல்லிய தனிச் சில்லாகச் செய்து, மாடி கட்டுவதுபோல் மேலே ஒட்டினார்கள். கேமில் நல்ல பலன். ஆனால் கோர்களின் சூடு அந்த மாடியைத் தாண்டித்தான் கூலருக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து விற்றார்கள். 9800எக்ஸ்3டியில் தலைகீழாக்கினார்கள். கேஷ் தரைத்தளத்துக்கு இறங்கியது, கோர்கள் கூலருக்கு நேர் கீழே வந்தன. இந்த வகைக் கேஷ் மொத்தம் 96 எம்பி. இதன் அண்ணனான பதினாறு கோர் 9950எக்ஸ்3டியில் எட்டெட்டு கோர்களாக இரண்டு சில்லுகள். அடுக்கிய கேஷ் ஒன்றில்தான் உண்டு. ஆகவே பெரும்பாலான கேம்களை அந்த எட்டிலேயே ஓட்டுவதுதான் லாபம். வீடியோ எடிட்டிங் போன்ற வேறு வேலை இல்லாதவருக்கு மற்ற எட்டும் தண்டம்.

நான்கு ரேம் விஷயமும் இதே வகை. ஒரே பாதையில் ரேம்கள் கூடக்கூட சிக்னல் கலங்குகிறது. ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் இரண்டு ரேமுக்கு 5600, நான்குக்கு 3600. இரட்டைக் கார்டின் கதையும் அப்படித்தான் முடிந்தது. 1998இல் வூடூ2 கார்டுகள் இரண்டை இணைத்து 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் பெயர் வாங்கியது. என்விடியா 2004இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. ஒரு ஃப்ரேமை ஒரு கார்டு, அடுத்ததை மற்றது என்று மாற்றி மாற்றி வரைந்தபோது எண்ணிக்கை கூடியது, சீர் கெட்டது. புதிய கேம்கள் முந்தைய ஃப்ரேமைப் பார்த்தே அடுத்ததை வரைகின்றன. எனவே ஒரு கார்டு இன்னொன்றுக்காகக் காத்துக் கிடக்கும். 2021 முதல் என்விடியா இந்த ஏற்பாட்டுக்குப் புதிய ஆதரவு தருவதை நிறுத்திவிட்டது.

இவ்வளவு அகலமும் போதாத இடமும் உண்டு. சைபர்பங்க் 2077 கேமில் ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கெங்கே பட்டுத் தெறிக்கிறது என்று கணக்கிடும் முறையைப் போட்டால், 4கேயில் 5090கூட 30 ஃப்ரேம் அளவில்தான் நகரும். அங்கே கைகொடுப்பது டிஎல்எஸ்எஸ் என்ற நரம்பு வலைப்பின்னல் வித்தை. கார்டு கால்வாசி பிக்சல்களை மட்டும் வரைய, மீதியை ஏஐ ஊகித்து நிரப்புகிறது. வரைந்த இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே மூன்று வரை அதுவே இட்டுக்கட்டுகிறது. கண் பார்க்கும் பதினாறு பிக்சல்களில் உண்மையில் கணக்கிட்டது ஒன்றே ஒன்று! ஆனால் நடுவில் ஃப்ரேம் செருக வேண்டுமானால் அடுத்த உண்மை ஃப்ரேம் முதலில் வந்திருக்க வேண்டும். அதுவரை அதைக் கையில் பிடித்து வைக்க வேண்டும். திரை 240 என்று காட்டினாலும், மவுஸை நகர்த்தும் கைக்கு அது 60 மாதிரியே இருக்கும். இங்கேயும் அகலம் கிடைத்தது, காத்திருப்பு துளி கூடியது.

கடைசி எல்லை சூடு. 5090 மட்டும் 575 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 48 ஆம்பியர். தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு கனெக்டரில், ஆறு பின்கள் ஆளுக்கு 8 ஆம்பியர் சுமக்கின்றன. ஒரு பின் சரியாகப் பதியாவிட்டால் மற்றவற்றின் சுமை ஏறும். மின்சாரம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 2022இல் முந்தைய கார்டுகளில் இந்த வகைக் கனெக்டர்கள் சில உருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முழு மூச்சில் ஓடும் இப்படியொரு பிசி மொத்தமாக சுமார் 700 வாட் எடுக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு யூனிட். அந்த மின்சாரம் அத்தனையும் சூடாகி அறைக்குள்தான் வருகிறது. அறையில் இருப்பது ஒரு டன் ஏசி என்றால், அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பெட்டிக்கே போய்விடும்.

ஆகவே திட்டம் மானிட்டரில் தொடங்கட்டும். எத்தனை பிக்சல், எத்தனை ஃப்ரேம் என்பது முடிவானால் கார்டு தானாக முடிவாகும். அகலம் பயன்படும் இடம் அது, அங்கே தாராளமாகச் செலவழிக்கலாம். பிராசஸரில் கோர்களை எண்ணாமல் கேஷைப் பார்க்க வேண்டும். ரேம் இரண்டே போதும். எஸ்எம்பிஎஸ் 1,000 வாட்டுக்குக் குறையக் கூடாது. கேபினட்டில் காற்று தாராளமாகப் போய்வர வேண்டும், கார்டின் கனெக்டரை அடிவரை அழுத்திச் செருக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது சராசரி ஃப்ரேம் எண்ணைவிட ‘1 சதவீதத் தாழ்வு’ என்ற எண்ணைக் கவனிப்பது நல்லது. ஆட்டத்தின் மோசமான தருணங்களில் பிசி எவ்வளவு திணறியது என்பதை அது சொல்லும். இதையெல்லாம் வாங்கியபின் பட்ஜெட்டில் கணிசமாக மிஞ்சினால் அதைச் செலவழித்தே தீர வேண்டும் என்று பதறத் தேவையில்லை. அகலத்தின் அடுத்த தலைமுறை ஓரிரு ஆண்டில் கடைக்கு வரும், அதற்கு எடுத்து வைக்கலாம்.