டேலியா நம்ம ஊர் வெயிலில் பூக்குமா?



பொங்கல் சமயத்தில் கும்மிடிப்பூண்டி பக்கம் வண்டியில் பூச்செடி விற்றுக்கொண்டு வருவார்கள். ரோஜா, செம்பருத்திக்கு நடுவில் தட்டு மாதிரி பெரிய பூவோடு ஒரு செடி இருக்கும். அதுதான் டேலியா. ஆசையா வாங்கி வைப்போம். ஒரே மாதத்தில் வாடிவிடும். உடனே வீட்டில் யாராவது, "உனக்குக் கைராசி இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பேச்சைக் கேட்டே செடி வைப்பதை விட்டுவிட்ட அக்காக்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். டேலியா இங்கே ஏன் வாடுகிறது, எப்படி வைத்தால் பூக்கும், கைராசி உண்மையா என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

டேலியா எந்த ஊர்?

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ நாட்டு மலைப்பகுதி. 1791-ல் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் தாவரவியல் தோட்டத்தில் இருந்த கவனில்லெஸ் என்பவர் இதற்குப் பெயர் வைத்தார். ஆன்டர்ஸ் டால் என்ற சுவீடன் தாவரவியல் அறிஞரின் நினைவாக வைத்த பெயர் அது. 1963-ல் மெக்சிகோ இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. சூரியகாந்தி, சாமந்தி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல குட்டிப் பூக்கள் சேர்ந்த கொத்து.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மே மாத மலர்க்கண்காட்சியில் டேலியா பூப்பது அதனால்தான். நம்ம ஊரோ கடற்கரை ஓரம். அதே மே மாதத்தில் இங்கே அக்னி நட்சத்திரம்!

ஏன் வாடுகிறது?

பகல் வெயில் மட்டும் காரணம் இல்லை. ராத்திரிச் சூடும் பெரிய காரணம். செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து உணவு தயாரிக்கிறது. இரவில் உணவு தயாரிக்காது, ஆனால் சுவாசிக்கும். சுவாசிக்கும்போது உணவு செலவாகும். சூடு கூடினால் இந்தச் செலவும் கூடும். அப்பா கம்பெனியில் நாளெல்லாம் உழைத்துக் கொண்டுவரும் சம்பளம் ராத்திரியே செலவாகிப் போனால் வீட்டில் என்ன மிஞ்சும்? அது மாதிரிதான். பூவுக்கும் கிழங்குக்கும் போக வேண்டிய சத்து மிஞ்சாமல் போகிறது. நம்ம பக்கம் மே மாத ராத்திரியில் 27, 28 டிகிரி இருக்கும். ஜனவரியில் 20, 21 டிகிரி வரை இறங்கும். கொல்கத்தாவும் நம்மைப் போலச் சமவெளிதான். அங்கே குளிர்காலத்தில் மட்டும் டேலியா வளர்த்து, பெரிய பெரிய பூக்களாகக் கண்காட்சியில் வைக்கிறார்கள். நாமும் அந்தக் காலத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

எப்போது விதைப்பது?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். டேலியாவுக்கு ஐப்பசிப் பட்டம். ஐப்பசி முதல் வாரம் விதை போட்டு, கார்த்திகைக் கடைசியில் தொட்டிக்கு மாற்றினால், தை கடைசியில் மொட்டு விடும், மாசியில் பூக்கும். பங்குனி வெயில் வருவதற்குள் செடி தன் வேலையை முடித்துவிடும். குட்டை ரக விதையாக வாங்குங்கள். தட்டு அளவு பூக்கும் ரகத்துக்கு நம்ம குளிர்காலம் போதாது.

ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை ஆயிற்றே என்று கேட்கலாம். சரியான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் எவ்வளவு இடம் தண்ணீரில் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். டேலியாவின் வேர் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும். அதனால் நிலத்தில் நடாமல் தொட்டியில் வைப்பது நல்லது. மழை வந்தால் திண்ணைக்குத் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

நாற்றை மாற்றி நடும் முறை

இதில்தான் நிறைய செடி செத்துப் போகிறது. வேரில் வேர்த்தூவிகள் இருப்பதைப் படித்திருக்கிறோம். தண்ணீரை உறிஞ்சுவது அவைதான். நாற்றை வெடுக்கென்று பிடுங்கினால் அவை அறுந்து போகும். இலையிலோ நீராவிப்போக்கு நடந்துகொண்டே இருக்கும். வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் வாடத்தானே செய்யும்? அதனால் இப்படிச் செய்யுங்கள்:

1. நாற்றில் நான்கு இலை வந்த பிறகு, ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயிலில் வைத்துப் பழக்குங்கள்.

2. பத்து, பன்னிரண்டு அங்குல மண் தொட்டி எடுங்கள். மண் பானையில் தண்ணீர் சில்லென்று இருப்பது போல மண் தொட்டியில் வேரும் குளிர்ச்சியாக இருக்கும். அடி ஓட்டைமேல் ஓட்டுச் சில்லு வையுங்கள்.

3. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணி வேண்டாம், வேர் வெந்துவிடும்.

4. தாங்கு குச்சியை நடும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் குத்தும்.

5. நாற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மண்ணோடு அள்ளி எடுத்து நடுங்கள். தண்டைப் பிடிக்காதீர்கள், இலையைப் பிடியுங்கள். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

6. நான்கைந்து நாள் தென்னங்கீற்று நிழலில் வையுங்கள். மண்மேல் வைக்கோல் பரப்புங்கள்.

பிறகு என்ன செய்வது?

காலை வெயில் நான்கு, ஐந்து மணி நேரம் பட்டு, மத்தியானம் நிழல் விழும் கிழக்குப் பக்கம் நல்லது. சிமெண்ட் ஷீட், தகரம், காங்கிரீட் தரை பக்கத்தில் வைக்காதீர்கள். பகலில் வாங்கிய சூட்டை அவை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் இருக்கும் ஊர்களில் இலை ஓரம் கருகும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு நிறைய பூக்கும். ரோட்டு ஓர வீடுகளில் லாரித் தூசி இலையில் படியும். வெயில் ஏறும்போது செஞ்சிலந்திப்பேனும் வரும். காலையில் இலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துக் கழுவினால் இரண்டும் குறையும்.

பூத்து முடிந்து செடி மஞ்சளானதும் கிழங்கைத் தோண்டி நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு விஷயம் முக்கியம். உருளைக்கிழங்கு தண்டுக் கிழங்கு, அதில் எங்கும் கண் இருக்கும். டேலியா கிழங்கு வேர். அதில் கண் இருக்காது, தண்டு சேரும் கழுத்தில் மட்டும்தான் இருக்கும். கழுத்து இல்லாமல் உடைத்து நட்டால் முளைக்கவே முளைக்காது.

கைராசி உண்மையா?

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு சோதனை செய்தேன். ஒரே பாக்கெட் விதையில் முளைத்த எட்டு நாற்று. எட்டையும் ஒரே சாயங்காலம் நானே நட்டேன். நான்கை மண் தொட்டியில் கிழக்குப் பக்கம் வைத்தேன். நான்கைக் கறுப்பு பிளாஸ்டிக் கவரில், மேற்கு வெயில் அடிக்கும் ஷீட் சுவர் ஓரம் வைத்தேன். தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே குவளை. மாசி மாதம் மண் தொட்டிச் செடியில் மூன்று பூத்தது, ஒன்றை ஆடு தின்றுவிட்டது. கவரில் இருந்த நான்கிலும் மொட்டு கருகி, மாசி முடிவதற்குள் செடியே காய்ந்துவிட்டது. எட்டையும் நட்டது இதே கைதான். கைராசி உண்மை என்றால் எட்டும் பூத்திருக்க வேண்டும், இல்லை எட்டும் காய்ந்திருக்க வேண்டும் அல்லவா?

அதனால் யாருடைய செடியாவது பட்டுப்போனால் அவர்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். எந்த மாதம் வைத்தீர்கள், எந்தப் பக்கம் வைத்தீர்கள், தண்ணீர் தேங்கியதா என்று கேளுங்கள்.

நம் பள்ளியில் கிழக்குச் சுவர் ஓரம் இடம் சும்மாதான் இருக்கிறது. வரும் ஐப்பசியில் வகுப்புக்கு இரண்டு மண் தொட்டி வைக்கத் தலைமை ஆசிரியர் அனுமதி தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விதை போடும் முறையை ஆறாம், ஏழாம் வகுப்புத் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்லித் தருகிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி