முள் நகராத வாரங்கள்
உடம்பின் கணக்கு – 14

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பற்றிப் பேசலாம். ஆரணியில் பட்டுத்தறி வைத்திருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான கற்பனை இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 31 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21 ஆய்வில் அது 40 சதவீதமாகிவிட்டது. ஆண்களில் 28-லிருந்து 37. குழித்தறியில் காலை இறக்கி நாளெல்லாம் உட்கார்ந்தபடி வேலை. சாப்பாட்டில் பெரும்பங்கு சோறு. சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்துகொள்ள, அவர் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூருக்கோ சென்னைக்கோ போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறார். முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று இறங்குகிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் தராசு முள் அசைய மறுக்கிறது. “இவ்வளவு செலவு பண்ணியும் குறையலையே” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாக இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் பொறுமையாக இருக்க வேண்டும், எதை அளந்துகொண்டு பொறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் குறைவு. காரணம் சொல்லாமல் பொறுமையை மட்டும் கேட்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் ஒருவர் தனக்குத் தேவையானதைவிட நாளொன்றுக்கு 1,000 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார் என்றாலும், கரையும் கொழுப்பு நாளைக்குச் சுமார் 130 கிராம்தான். உடம்பில் தேங்கும் நீரோ ஒரே நாளில் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். சாப்பாட்டோடு இரண்டு துண்டு ஊறுகாய், மூன்று நாள் மலச்சிக்கல், மாதவிலக்குக்கு முந்தைய வாரம் என இதில் ஏதாவது ஒன்று போதும், பத்து நாள் கரைந்த கொழுப்பை முள்ளின் கண்ணிலிருந்து மறைத்துவிட. முதல் இரண்டு வார வேகத்துக்கும் இதுவே விளக்கம். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு அரைக்கிலோ அளவில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று நான்கு கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அந்தச் சேமிப்பு தீர்கிறது, நீரும் வெளியேறுகிறது. பிறகு உடம்பு நிதானித்துக் கொஞ்சம் நீரைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கிறது. நீர் ஏறுவதால் எடை நிற்பதுபோல் தெரிகிறது. தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய நுனியோடு பிணைக்க வேண்டும். அந்த நேரத்தில் புடவை ஓர் அங்குலம்கூட வளராது. அதற்காக வேலை நடக்கவில்லை என்று நெசவாளர் வீட்டில் யாரும் சொல்வதில்லை. எனவே தினமும் தராசில் ஏறுவதை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஒப்பிட்டால் போதும். இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு ஆகியவை அந்த முள்ளைவிட நேர்மையான சாட்சிகள்.

சாப்பாட்டில் அவசரம் இரண்டு விதமாக வருகிறது. முதல் விதம் எல்லோருக்கும் தெரிந்தது: சொன்ன காலத்துக்கு முன்பே கட்டியான உணவுக்குப் போய்விடுவது. ஸ்லீவ் என்ற வகை ஆபரேஷனில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் வடிவில் நீளமாகத் தையலிடுகிறார்கள். அந்தக் குழாய் தொடக்கத்தில் 100, 150 மில்லிதான் கொள்ளும். பைபாஸ் என்ற இன்னொரு வகையில் இரைப்பையின் மேல்பகுதியில் அதைவிடச் சிறிய பையை அமைத்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். தையல் ஆறும் வரை அதன்மேல் அழுத்தம் ஏறக் கூடாது. முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மோர், பருப்புத் தண்ணீர், புரதப் பானம், அடுத்து மசித்த உணவு, மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகிறது. இந்தப் படிகளை நோயாளியின் கட்டுப்பாட்டைச் சோதிக்க வைத்த பரீட்சையாகப் பலர் நினைக்கிறார்கள். காயம் ஆறுவதற்கு உடம்பு எடுத்துக்கொள்ளும் காலம் அது. யாருடைய மனஉறுதியும் அதைச் சுருக்க முடியாது.

இரண்டாவது அவசரம் அதைவிட ஆபத்தானது. அதைப் பலர் பாராட்டவும் செய்கிறார்கள். முள் நின்றுவிட்டதே என்று சாப்பாட்டை இன்னும் குறைப்பதுதான் அது. ஆபரேஷன் ஆனவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. தசை கரைந்தால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. எடையை இறக்கப் பட்டினி கிடந்தவர், எடை இறங்காத உடம்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறார். ஆரணியைச் சுற்றி அரிசி ஆலைகள் நிறைந்திருக்கின்றன. ஆரணி அரிசி என்று சொல்லியே சென்னைக் கடைகளில் விற்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ‘கொஞ்சமாய்ச் சாப்பிடு’ என்றால் கொஞ்சம் ரசஞ்சோறு என்றுதான் பொருள் கொள்வார்கள். 100 கிராம் சோற்றில் இருக்கும் புரதம் இரண்டரை கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம், மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில். வயிற்றில் இடமே அரை டம்ளர் என்னும்போது அதைச் சோற்றால் நிரப்பினால் புரதத்துக்கு இடமில்லை. முட்டையோ மீனோ பயறோ முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில் என்று தட்டின் வரிசையை மாற்ற வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

வைட்டமின் விஷயமும் இதோடு சேர்ந்தது. இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். “எடைதான் குறைஞ்சாச்சே, மாத்திரை எதுக்கு” என்று நிறுத்துபவர்களுக்கு உடம்பு உடனே பதில் சொல்வதில்லை. பி12 சேமிப்பு கல்லீரலில் சில ஆண்டுகள்கூட இருக்கும் என்பதால் பாதிப்பு தாமதமாக வரும். தயமின் என்ற பி1 அப்படி இல்லை. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குச் சில வாரங்களிலேயே அது தீர்ந்துபோய், பார்வை இரட்டையாகத் தெரிந்து, நடை தள்ளாடி, மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு முடி கொத்தாக உதிர்வதும் பலரைக் கலங்க வைக்கிறது. வேகமாக எடை குறைந்த அதிர்ச்சியால் வரும் உதிர்வு என்றால், சத்து சரியாக இருக்கும் பட்சத்தில் சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும். அந்தச் சமயத்தில்தான் விசேஷ வீடுகளில் பேச்சும் திசை மாறுகிறது. முதல் மாதம் “குறையலையே” என்றவர்களே “என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே, இன்னும் ஒரு பிடி போட்டுக்கோ” என்பார்கள். இரண்டுக்கும் காது கொடுக்க வேண்டியதில்லை.

லட்சக்கணக்கில் செலவு செய்தது சீக்கிரம் குறையத்தானே என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு ஸ்வீடன் பதில் வைத்திருக்கிறது. 1987-இல் அங்கே தொடங்கிய ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடை இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. 110 கிலோ இருந்தவர் 75-க்கு இறங்கி, பிறகு 82-க்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏழு கிலோவைத் தோல்வி என்று எண்ணி மனம் உடைந்து போகிறவர்கள், அதே ஆய்வின் அடுத்த முடிவையும் பார்க்க வேண்டும். சராசரியாக 11 ஆண்டு முடிவில் ஆபரேஷன் செய்யாதவர்களில் 129 பேரும், செய்தவர்களில் 101 பேரும் இறந்திருந்தார்கள். வயது, பால், பிற நோய்களையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்திருந்தது. கொஞ்சம் எடை திரும்பியவர்களையும் சேர்த்துக் கிடைத்த பலன் இது. இந்தியாவில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் என்பதால் பின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஆய்வையும் சொல்ல வேண்டும்: பத்தாண்டுக்குப் பிறகு ஸ்லீவ் செய்தவர்கள் தங்கள் கூடுதல் எடையில் சுமார் 43 சதவீதத்தையும் பைபாஸ் செய்தவர்கள் சுமார் 51 சதவீதத்தையும் இழந்த நிலையில் இருந்தார்கள். கொடுத்த பணத்துக்குக் கிடைப்பது இந்தப் பத்தாண்டு. மூன்றாவது வாரத் தராசில் அதைத் தேடினால் கிடைக்காது.

இவ்வளவு பொறுமை இருந்தால் ஆபரேஷனே இல்லாமல் குறைத்திருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உடம்பு அப்படி இயங்குவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. உணவாலும் கடும் பயிற்சியாலும் சராசரியாக 58 கிலோ குறைத்த அவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்களுடைய உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாகவே இன்னமும் இருந்தது. அவர்களுக்கு மனஉறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்லீவ் ஆபரேஷனில் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியே அகற்றப்படுகிறது. பைபாஸுக்குப் பிறகு வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் கூடுகின்றன. பொறுமை பலிக்கும்படியான உடம்பை ஆபரேஷன் கொடுக்கிறது. பொறுமையின் வேலையை அது செய்யாது.

பொறுமை பொறுமை என்று சொல்லியே டாக்டர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனின்போது நிலை மோசமாகி ஓர் இளைஞர் உயிரிழந்தார்; அரசு விசாரித்து அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதைப் படித்தவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஆகவே எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எடை நிற்பதற்குப் பொறுமை வேண்டும். நோய்க்குறிக்குப் பொறுமை கூடவே கூடாது. காய்ச்சல், ஓய்விலும் படபடவென்று அடிக்கும் இதயம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கறுத்த மலம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. தறியின் மிதியில் வைத்த பாதம் மரத்துப்போனதுபோல் இருந்தால், அதை உட்கார்ந்தே வேலை செய்த களைப்பு என்று தள்ளிவிடாமல் பி12, பி1 பார்க்கச் சொல்ல வேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் டாக்டர் சொல்லாவிட்டால் கேட்டுப் பெற வேண்டும்.

புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற குடும்பத்தால் இதெல்லாம் முடியுமா? தறி வீட்டிலேயே இருப்பதில் ஒரு வசதி உண்டு: சிறிது சிறிதாக ஐந்து வேளை சாப்பிடலாம், தறிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலை வைத்து மடக்கு மடக்காகக் குடிக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தெருவில் நடந்து வரலாம். விலை உயர்ந்த புரதப் பொடியை ஆயுளுக்கும் வாங்க வேண்டியதில்லை. கட்டி உணவுக்கு வந்த பிறகு முட்டையும் பயறும் தயிரும் அந்த வேலையைச் செய்யும். முடியாதது, ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேலூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவது. முதல் ஆண்டு மூன்று நான்கு முறை வருகிறவர்கள், இரண்டாம் ஆண்டில் காணாமல் போவதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. சென்னை அரசு மருத்துவமனைகளிலேயே எடைக்குறைப்பு ஆபரேஷன் நடக்கும் காலத்தில், அதன் பிறகு தேவைப்படும் பி12, இரும்புச்சத்து, கால்சியம் பரிசோதனைகளையும் மாத்திரைகளையும் ஆரணி அரசு மருத்துவமனை போன்ற இடங்களிலேயே தர வேண்டும். அரசு இதை அந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை, ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களுக்கும், பிறகு ஆண்டுதோறும் எந்தெந்தப் பரிசோதனை, எங்கே, எவ்வளவு செலவில் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள்.