உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஆண்டில் பிறந்த இரு மண்டலங்கள்

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஷென்ஜென், ஷாண்டோ இரண்டுமே 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் ஆயின. இன்று ஷென்ஜெனின் பொருளாதாரம் ஷாண்டோவைவிட 10 மடங்குக்கும் மேல் பெரியது!

• தொடக்கத்தில் ஷென்ஜெனுக்குக் கிடைத்த பரப்பு 327.5 சதுர கி.மீ. ஷாண்டோவுக்கு வெறும் 1.6. (போட்டி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.)

• ஷென்ஜெனுக்கு ஆற்றின் மறுகரையிலேயே ஹாங்காங். அங்கே இடமும் கூலியும் விலையேற, ஆலைகள் ஆற்றைத் தாண்டி வந்தன. ஷாண்டோவோ சுமார் 300 கி.மீ. தள்ளி.

• ஷாண்டோ நம்பியது கடல்கடந்து வாழும் சொந்தங்களை. அந்த வட்டாரத்தில் பிறந்த கோடீஸ்வரர் லீ கா-ஷிங்கின் நன்கொடையில் பல்கலைக்கழகமே வளர்ந்தது. ஷென்ஜென் அளவுக்கு ஆலைகள்தான் வரவில்லை.

• மாகாணத்தின் 21 நகரங்களில், முத்து ஆற்றுக் கழிமுகத்தின் 9 மட்டும் (ஷென்ஜென் இதில் உண்டு, ஷாண்டோ இல்லை) தருவது மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு.