சுரங்கம் மூடிய ஊரில் இளைஞர் வாய்ப்பு: குடும்பப் பின்னணி வகிக்கும் பங்கு என்ன?

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், தந்தையின் சுரங்க வேலையே நெடுங்காலம் மகனுக்கும் வழிகாட்டியது. 1880-களுக்குப் பின் வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் பலர் அதே சுரங்கங்களில் இறங்கினர்.

2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியதும் அந்த வழி அடைபட்டது. இன்று இளைஞர்கள் பலர் சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

குடும்பப் பின்னணியின் வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. சேமிப்புள்ள வீட்டுப் பிள்ளை பெங்களூரில் தங்கிப் படிக்கலாம்; தகுதிக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கலாம். மாதச் சம்பளத்தை உடனே எதிர்நோக்கும் வீட்டுப் பிள்ளையோ கிடைத்த வேலையை ஏற்க வேண்டும். மேற்படிப்புக்கான நேரம் பயணத்திலேயே கரைகிறது.

இருவரின் திறமையும் ஒன்றாக இருக்கலாம். காத்திருக்கும் வசதி ஒன்றல்ல. கல்வி உதவித்தொகையும் அரசு விடுதியும் ஈடுசெய்ய வேண்டியது அந்த வசதியையே.