கருவிப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு

நவம்பர் பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை ஜொகூர் மாநிலத்தை எட்டிவிடுகிறது. மெர்சிங், கோத்தா திங்கி, குளுவாங், சிகாமட் ஆகிய வட்டாரங்களில் சாலையோரங்களில் நீர் தேங்குகிறது. செம்பனைத் தோட்டங்களிலிருந்து வெளிவரும் சரக்குந்துகள் சக்கரங்களில் ஒட்டிய செம்மண்ணைத் தார்ச்சாலைவரை கொண்டுவந்துவிடுகின்றன. மழையில் குழைந்த அந்த மண்ணின்மீது செல்லும் மகிழுந்தின் கருவிப் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியக்கூடும். மகிழுந்தின் உருவமும் அதன் கீழே நெளிந்த இரு கோடுகளும் கொண்டது அவ்விளக்கு. அதுவே இழுவைக் கட்டுப்பாட்டு முறையின் எச்சரிக்கை விளக்கு ஆகும்.

இயந்திரத்தை முடுக்கியவுடன் இவ்விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைவது இயல்பு. ஓட்டத்தின்போது விட்டுவிட்டு மின்னினால், சக்கரம் வழுக்கியது, கட்டுப்பாட்டு முறை அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைத்தால் போதும். பட்டறையைத் தேடி ஓட வேண்டியதில்லை. அணையாமல் தொடர்ந்து எரிந்தால்தான் அம்முறை செயலிழந்து நிற்கிறது. ஓட்டுநர்களில் பலரோ மின்னும் விளக்கைக் கண்டு பதறுகின்றனர். அசையாமல் எரியும் விளக்கை மாதக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகின்றனர்.

இம்முறை செயல்படும் விதம் எளிமையானதே. ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுக்கு அருகிலும் விரல் அளவிலான ஓர் உணர்கருவி உண்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல்வளையம் அதன் முன்னே கடக்கும்போது, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின்துடிப்பு உண்டாகிறது. வளையத்தில் 48 பற்கள் இருப்பதாகவும் சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் விநாடிக்கு ஒன்பது முறைக்குமேல் சுழலும். 440-க்கும் அதிகமான துடிப்புகள் கணினியை அடையும். நான்கு சக்கரங்களின் துடிப்புகளையும் கணினி ஓயாமல் ஒப்பிடுகிறது. இயந்திரம் சுழற்றும் சக்கரம் ஒன்று மற்றவற்றைவிட விரைவாகச் சுழன்றால், அது வழுக்குகிறது என்று அறிகிறது. உடனே இயந்திரத்தின் விசையைக் குறைக்கிறது. அல்லது அச்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் அழுத்துகிறது.

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். முறையை 1978-ஆம் ஆண்டில் போஷ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இழுவைக் கட்டுப்பாடு அதன்மீது எழுப்பப்பட்ட மாடி போன்றது. இரண்டுக்கும் உணர்கருவிகள் பொதுவானவை. ஆகவே ஓர் உணர்கருவி கெட்டால் இரண்டும் சேர்ந்தே செயலிழக்கலாம். சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். ஆனால், ஈரச் சாலையில் திடீரென அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு மகிழுந்து சறுக்கக்கூடும். மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

மலேசியாவில் 2017-ஆம் ஆண்டு இறுதியில் அறிமுகமான மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவியில் எல்லா வகைகளுக்கும் இம்முறை பொருத்தப்பட்டது. விலையுயர்ந்த மகிழுந்துகளோடு நின்றிருந்த மஞ்சள் விளக்கு, இப்படித்தான் சாதாரணக் குடும்பங்களின் கவலையாகவும் மாறியது.

பழுதைக் கண்டறியும் வேலை கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ‘ஆஃப்’ பொத்தானை யாரேனும் தவறுதலாக அழுத்தியிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பது நல்லது. (சேற்றில் சிக்கிய மகிழுந்தை வெளியேற்ற அப்பொத்தானை வேண்டுமென்றே அழுத்துவதும் உண்டு. சக்கரம் சற்று வழுக்கினால்தான் அங்கே வெளிவர முடியும். கணினியோ விசையைக் குறைத்துவிடும்.) டயர்களின் காற்றழுத்தமும் அளவும் ஒத்திருக்கின்றனவா, பிரேக் எண்ணெய் போதிய அளவு உள்ளதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். இயந்திர விளக்கும் சேர்ந்து எரிந்தால் மூலக் காரணம் இயந்திரத்தில் இருக்கலாம். அதைச் சரிசெய்தாலே இரு விளக்குகளும் அணைந்துவிடுவதுண்டு.

அதன்பின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, பலகையின் அடியில் உள்ள 16 முனைச் செருகியில் குறியீடு வாசிக்கும் கருவியை இணைக்கிறார்கள். மலிவான கருவிகள் பல இயந்திரக் குறியீடுகளை மட்டுமே வாசிக்கும். சக்கர உணர்கருவிகளின் குறியீடுகள் அவற்றுக்குப் புலப்படா. ‘பழுது இல்லை’ என்று அவை காட்டுவதை நம்பிவிடக் கூடாது. தகுந்த கருவியில் ‘சி 0035’ எனத் தோன்றினால், பொதுக் குறியீட்டு முறைப்படி அது முன்புற இடச் சக்கர உணர்கருவியின் மின்சுற்றைக் குறிக்கும்.

மின்சுற்று என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘உணர்கருவி கெட்டுவிட்டது’ என்று குறியீடு சொல்லவில்லை. அதற்கும் கணினிக்கும் இடையே ஏதோ ஓரிடத்தில் கோளாறு என்றே சொல்கிறது. இதை மறந்து உணர்கருவியை மாற்றிப் பணத்தை இழப்போர் பலர். உண்மைக் காரணம் அதன் முனையில் அப்பிய செம்மண்ணாக இருக்கலாம். பல்வளையத்தின் துருவாக இருக்கலாம். சக்கரம் திரும்பும்தோறும் வளைந்து வளைந்து உள்ளே அறுந்த கம்பியாகவும் இருக்கலாம். வெள்ளம் இன்னொரு காரணம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனத்தில், இணைப்பிகளுக்குள் நீர் புகுந்துவிடும். செம்பு முனைகள் மெல்லப் பச்சை பூத்து அரிக்கப்படும். வெள்ளம் வடிந்து, அனைவரும் அதை மறந்து சில வாரங்கள் ஆனபின் விளக்கு எரியத் தொடங்கும்.

ஆகவே, சக்கரத்தைக் கழற்றி உணர்கருவியைத் துணியால் துடைத்து, இணைப்பியைத் திறந்து பார்த்து, கம்பியை மெல்ல அசைத்துச் சோதித்த பின்னரே பொறிவினைஞர் புதிய பாகத்தை வாங்கச் சொல்ல வேண்டும். பழைய வகைச் சுருள் உணர்கருவியின் மின்தடையை அளவியால் அளந்து பார்க்கலாம். புதிய மின்னணு வகையை அவ்வாறு சோதிப்பது தவறு, அது பழுதாகிவிடக்கூடும். ஓடும்போது நான்கு சக்கரங்களும் காட்டும் வேகத்தைத் திரையில் ஒப்பிடுவதே அதற்கு ஏற்ற வழி. மூன்று சக்கரங்கள் 40 என்று காட்ட, ஒன்று மட்டும் சுழியத்துக்கு இறங்கி ஏறினால் குற்றவாளி பிடிபட்டது.

பழுது நீங்கியபின் குறியீட்டை அழிக்க வேண்டும். பழுதை விட்டுவிட்டுக் குறியீட்டை மட்டும் அழித்தால் விளக்கு மீண்டும் எரியும். சில மகிழுந்துகளில், குறியீட்டை அழித்த பின்னரும் விளக்கு உடனே அணைவதில்லை. சிறிது தூரம் ஓட்டி, நான்கு சக்கரங்களின் துடிப்பும் ஒத்துப்போவதைக் கணினி உறுதி செய்துகொண்ட பிறகே அது அணைகிறது.