உங்களுக்குத் தெரியுமா? பெருந்தொற்றும் பள்ளிக்கூட மணியும்

● கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020-21 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை முதன்முதலாக வகுப்பில் போய் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்குள் அது இரண்டாம் வகுப்பு! ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியிலும், வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் வாட்ஸ்அப்பிலும் கழிந்தது. அனா, ஆவன்னா எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடிக்க ஆள் வேண்டும். அதை எந்தத் திரையும் செய்யாது.

● பெரிய வகுப்புகள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 9 முதல் 12 வரை 2020 நவம்பர் 16 முதல் திறக்கும் என்று அரசு அறிவித்தது. நவம்பர் 9 அன்று பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். கருத்து பிளந்தது, மூன்றே நாளில் அறிவிப்பைக் கைவிட்டார்கள். பிறகு 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்புகளும், பிப்ரவரி 8-இல் 9, 11-ஆம் வகுப்புகளும் திறந்தன. பொதுத்தேர்வுதான் வரிசையைத் தீர்மானித்தது.

● டென்மார்க் இதற்கு நேர்மாறு. 2020 ஏப்ரல் 15 அன்று, ஐரோப்பாவில் முதல் அலை ஓய்வதற்கு முன்பே, ஐந்தாம் வகுப்பு வரையிலான சிறுவர்களைத்தான் அங்கே முதலில் அழைத்தார்கள். சின்னச் சின்னக் குழுக்கள், அடிக்கடி கை கழுவுதல், முடிந்த இடத்திலெல்லாம் திறந்தவெளி வகுப்பு. பெரிய பிள்ளைகள் வீட்டில் தாமாகப் படித்துக்கொள்வார்கள், சின்னதுகளால் முடியாது என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்கு.

● இந்தியாவிலும் இதைச் சொன்னவர்கள் உண்டு. 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, பள்ளிகளைத் திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆரம்பிப்பதே நல்லது என்றார். வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் குழந்தைகளுக்குக் குறைவு என்பதையும் காரணமாகக் காட்டினார். அதற்குப் பிறகும், இடையில் மறுபடி மூடியிருந்த தமிழ்நாட்டுப் பள்ளிகளில் செப்டம்பர் 1 அன்று திறந்தது 9 முதல் 12 வரைதான்.

● திறக்கப் பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இஸ்ரேல் 2020 மே மாதம் பள்ளிகளை முழுதாகத் திறந்தது. சில நாளில் கடும் வெப்ப அலை. முகக்கவசத்துக்கு விலக்கு கொடுத்தார்கள், வகுப்பறைகளில் ஏ.சி. விடாமல் ஓடியது. ஜெருசலேமில் ஒரே பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. தடுப்பூசி வருவதற்கு முன், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஐம்பது வயது ஆசிரியர், நாற்பது பேர் உள்ள வகுப்புக்குள் நுழையத் தயங்கினால் அது கடமை தவறுவது ஆகாது.

● தொற்றைத் தடுக்கக் காற்றோட்டம்தான் முக்கியம் என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி. 1904-இல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் காட்டுக்குள் ஒரு திறந்தவெளிப் பள்ளியைத் தொடங்கினார்கள். காசநோய் பயம்தான் காரணம். 1908-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரம் அதைப் பின்பற்றியது. கடுங்குளிரிலும் பெரிய ஜன்னல்களைத் திறந்தே வைத்தார்கள். பிள்ளைகள் கழுத்தளவு கனத்த பைக்குள் புகுந்து, காலடியில் சூடாக்கிய மாக்கல்லை வைத்துக்கொண்டு பாடம் படித்தார்கள்!

● 1918 இன்ஃபுளூயன்சாவின்போது அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளைப் பூட்டின; நியூயார்க் பூட்டவில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகள் சுமார் 10 லட்சம் பேர். அதில் ஏழரை லட்சம் பேரின் வீடு, நெருக்கமான, காற்றோட்டமில்லாத அடுக்குக் குடியிருப்புகள். அந்த வீட்டைவிடத் தினமும் உடல்நிலையைச் சோதிக்கும் பள்ளிக்கூடம் மேல் என்று நின்றார் நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட்.

● வீடு எப்படிப்பட்டது என்ற அதே கேள்வி நம் நாட்டிலும் வந்தது. 2021 ஆகஸ்டில் பொருளியலாளர்கள் ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எளிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் வெறும் 8 சதவீதம். 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. ஆன்லைன் வகுப்பு நடக்கிறதே, பிறகென்ன அவசரம் என்று வாதாடியவர்கள் யாருடைய பிள்ளையை மனதில் வைத்துப் பேசினார்கள்?

● உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்று. உலகிலேயே மிக நீண்ட மூடல்களில் ஒன்று அது. அங்கும் இடையில் முதலில் வரச்சொன்னது தேர்வு வகுப்புகளைத்தான்.

● மூடலின் சுமை பெண் பிள்ளைகள் தலையில் இறங்கும் என்பதற்கு சியரா லியோன் சாட்சி. எபோலாவுக்காக மாதக்கணக்கில் மூடிய பள்ளிகள் 2015 ஏப்ரலில் திறந்தன. அந்த இடைவெளியில் கருவுற்ற சிறுமிகள் ஏராளம். அவர்களை உள்ளே விடக்கூடாது என்று அரசே தடை போட்டது! 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க வட்டார நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2020 மார்ச்சில்தான் அரசு அதை விலக்கியது.

● தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை 2021 டிசம்பரில் சோதித்த ஆய்வில், 2019-இல் அதே வயதில் இருந்தவர்களைவிட இவர்கள் கணக்கில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழியில் பின்னடைவு அதைவிடக் குறைவு. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, அரசின் மாலை வகுப்புத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. மாலை 5 முதல் 7 வரை வீட்டுத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் அந்த வகுப்புகளை எடுத்தவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்த மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.